குதிரை இனாமாக வந்தது, லாடம் வருமா?

கேள்வி: அக்கா, நாங்கள் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறோம். நான் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன், சம்பளம் மாதம் 26,000 ரேண்ட். கணவருக்கு 29,000. போன வருஷம், பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு குதிரை எங்கள் பதின்மூன்று வயது மகளுக்கு அநேகமாக இனாமாகவே கிடைத்தது. ஹில்டன் பக்கம் ஒரு லாயத்தில் விட்டிருக்கிறோம். மாத வாடகை 4,500, அதைச் சமாளித்துவிடுகிறோம். எங்களை உலுக்குவது லாடச் செலவுதான். நாலு காலுக்கும் மாற்ற ஒரு தடவைக்கு 1,500. நடுவில் ஒன்று கழன்றால் திரும்ப அடிக்க 300, போன வருஷம் மூன்று தடவை கழன்றது. கார்டில் போட்டுப் போட்டு இப்போது 6,000 கடன் நிற்கிறது. "பத்து வாரத்துக்கு ஒரு முறை ஆளைக் கூப்பிட்டால் போதும், இல்லையென்றால் லாடத்தையே கழற்றிவிடு" என்கிறார் கணவர். லாயக்கார அம்மா கூடவே கூடாது என்கிறார். என் ஓய்வூதியச் சேமிப்புப் பங்கிலிருந்து எடுத்து அடைத்துவிடட்டுமா? மகள் போட்டிகளுக்கும் போகிறாள். இந்தச் செலவை வரித்துறையான சார்ஸில் காட்டி வரியில் கழிக்க முடியுமா? மகள் தன் தீபாவளிக் காசைத் தருகிறேன் என்கிறாள். வாங்கலாமா?

பதில்: தங்கச்சி, பந்தயக் குதிரை இனாமாகக் கிடைப்பதில் ஆச்சரியமில்லை. ஜூலை மாதத்தின் முதல் சனிக்கிழமை டர்பன் கிரேவில் பந்தயத் திடலில் ஓடுகிற குதிரைகளைத்தான் ஊரே தொப்பி போட்டுக்கொண்டு பார்க்கப் போகிறது. ஜெயிக்காமல் ஐந்தாறு வயதிலேயே வேலையிழந்து நிற்கிற குதிரையை யார் பார்க்கிறார்கள்? அது சும்மாவே கிடைக்கும். ஆனால் லட்ச ரேண்ட் குதிரைக்கும் நாலு கால்தான், இனாம் குதிரைக்கும் நாலு கால்தான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதைத்தான்.

உங்கள் கடிதத்தில் ஒரு எண் என் கண்ணில் பட்டது. நீங்கள் ஒரு தடவைச் செலவை எழுதியிருக்கிறீர்கள், கழன்ற கணக்கை எழுதியிருக்கிறீர்கள், வருஷத்துக்கு எத்தனை தடவை என்று மட்டும் எழுதவில்லை. மனசுக்குள் 'ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை' என்று வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் வருஷத்துக்கு ஆறு தடவை, 9,000. ஆனால் லாடம் போட்ட குதிரைக்கு லாடக்காரர் பொதுவாக ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை வருவார். லாயக்கார அம்மா சொல்வது ஆறு வாரமாகத்தான் இருக்கும். காலண்டரை எடுங்கள். ஜனவரி 10-ஆம் தேதி வந்தார் என்று வைப்போம். அடுத்தது பிப்ரவரி 21, அப்புறம் ஏப்ரல் 4, மே 16, ஜூன் 27, ஆகஸ்ட் 8, செப்டம்பர் 19, அக்டோபர் 31, டிசம்பர் 12. எண்ணிப் பாருங்கள், ஒன்பது. 13,500 ரேண்ட். நடுவில் கழன்ற மூன்றுக்கு 900. மொத்தம் 14,400.

நீங்கள் நினைத்த 9,000-க்கும் இந்த 14,400-க்கும் இடையில் 5,400 வித்தியாசம். உங்கள் கார்டில் நிற்பது 6,000. அந்தக் கடன் எங்கிருந்து வந்தது என்று இனிமேல் தேட வேண்டியதில்லை.

அந்தக் காலண்டரில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. மார்ச், ஜூலை, நவம்பர் மூன்று மாதமும் லாடக்காரர் வரவில்லை. அந்த மாதங்களில் கையில் 1,500 மிஞ்சியது போலத் தெரியும். மிஞ்சியதல்ல, அடுத்த லாடத்துக்கான காசு உங்கள் கணக்கில் சும்மா தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அதில் பள்ளிக்கூட ஷூ வாங்கிவிடுகிறோம், நவம்பரில் பலகாரம் வாங்கிவிடுகிறோம். சம்பளம் மாதக் கணக்கில் வருகிறது, குளம்பு வாரக் கணக்கில் வளர்கிறது. இந்த ரெண்டையும் நேராக வைத்துப் பார்த்தால் ஒருநாளும் ஒத்துப்போகாது. 14,400-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் 1,200. சம்பளம் விழுகிற மறுநாளே 1,200 தனிக் கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்யுங்கள். லாடக்காரர் வருகிற மாதமோ வராத மாதமோ, அது போய்க்கொண்டே இருக்கட்டும். சாதாரண சேமிப்புக் கணக்கு போதும். வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் போடாதீர்கள். அதில் ஆயுளுக்கு 5 லட்சம் ரேண்ட்தான் வரம்பு. எடுத்த காசைத் திரும்பப் போட்டால் அதுவும் புதுக் காசாக வரம்பில் சேர்ந்துவிடும். லாடத்துக்காக அந்த இடத்தைத் தின்னக்கூடாது.

இப்போது உங்கள் கணவர் சொல்வது. பத்து வாரம் என்றால் வருஷத்துக்கு ஐந்து தடவை, 7,500. தாளில் 6,000 மிச்சம். இந்தக் கேள்விக்குப் பதில் எழுதுவதற்கு முன் நானே ஒரு லாயத்துக்குப் போய் நின்று பார்த்தேன். லாடக்காரர் தன் பேக்கி வண்டியின் பின்பக்கம் சின்ன கேஸ் உலை வைத்திருந்தார். பின்னங்காலைத் தன் தொடைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, குளம்புக்கு வெளியே மடித்து விட்டிருந்த பழைய ஆணி முனைகளை நிமிர்த்தி, குறடால் லாடத்தை நெம்பி எடுத்தார். வளர்ந்திருந்த விளிம்பை, நாம் நகம் வெட்டுகிற மாதிரிதான், பெரிய குறடால் வெட்டி அரம் போட்டார். வெட்டி விழுந்த துண்டுகளுக்காக ரெண்டு நாய்கள் எச்சில் ஊற உட்கார்ந்திருந்தன. சூடான லாடத்தைக் குளம்பில் வைத்ததும் மயிர் பொசுங்குகிற நாற்றத்தோடு புகை எழுந்தது. குதிரை காதைக்கூட அசைக்கவில்லை.

அவரிடம் பத்து வாரத்தைப் பற்றிக் கேட்டேன். பக்கத்தில் கட்டியிருந்த இன்னொரு குதிரையின் காலைத் தூக்கிக் காட்டினார். குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வளர்கிறது. வெறுங்குளம்பாக இருந்தால் தரையில் தேய்ந்து கொஞ்சம் சரியாகும். லாடம் இருந்தால் தேயாது, வளர்ந்துகொண்டே போகும். கால் முனை நீண்டு பாரம் பின்னால் தசைநாண் மேல் விழும். ஆணி தளரும். தளர்ந்த லாடத்தைக் குதிரை தானே மிதித்துப் பிய்க்கும்போது லாடம் மட்டும் வராது, குளம்புச் சுவரும் துண்டோடு வரும். அப்புறம் புது ஆணி அடிக்க இடமே இருக்காது. ஆணி அடிக்க இடம் வளர்ந்து வரும்வரை காத்திருக்க வேண்டும், குளம்பு மேலிருந்து கீழ்வரை முழுக்கப் புதிதாக ஒன்பது மாதத்துக்கு மேலாகும். அந்த நாளெல்லாம் மகள் ஏறமாட்டாள், லாய வாடகை மட்டும் ஏறும். கழன்ற லாடத்துக்கு மூன்று தடவை 300 கொடுத்தீர்களே, அது எந்த வாரத்தில் நடந்தது என்று பழைய ரசீதுகளைப் பாருங்கள். ஏழாவது, எட்டாவது வாரத்தில் என்றால் விடை அங்கேயே இருக்கிறது.

லாடத்தைக் கழற்றுவது வேறு விஷயம். அது முட்டாள்தனமான யோசனை இல்லை. நிறையக் குதிரைகள் வெறுங்குளம்போடு நன்றாகவே நடக்கின்றன. உங்கள் பக்கத்தில் சீவி அரம் போட மட்டும் 450 என்றால் ஒன்பது தடவைக்கு 4,050, வருஷத்துக்கு 9,450 மிச்சம். முன்னங்காலுக்கு மட்டும் லாடம், பின்னங்காலுக்குச் சீவல் என்று நடுவழியும் உண்டு. அதற்கு 900 கேட்டால் வருஷத்துக்கு 8,100. ஆனால் உங்களுடையது பந்தயக் குதிரை. சின்ன வயதிலிருந்தே லாடத்தில் நடந்தது, அந்த ஜாதிக்குப் பாதத்தோல் மெல்லிசாக இருப்பது சகஜம். கழற்றிய முதல் சில மாதம் கல் தரையில் நொண்டலாம், குளம்புக்கு ரப்பர் பூட்ஸ் வாங்க வேண்டி வரலாம். முடிவு செய்ய வேண்டியவர் லாடக்காரரும் கால்நடை மருத்துவரும். நானும் இல்லை, உங்கள் கணவரும் இல்லை. பின்னங்காலிலிருந்து தொடங்கலாமா என்று கேளுங்கள். அப்படியே குளிர்காலத்தில், குளம்பு மெதுவாக வளர்கிற ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, ஒரு வாரம் தள்ளலாமா என்றும் கேளுங்கள். அவர் சரி என்றால் வருஷத்தில் ஒரு தடவை குறையலாம். நாமாகத் தள்ளிப்போடக்கூடாது, அவர் சொல்லித் தள்ள வேண்டும்.

ஓய்வூதியப் பங்கைத் தொடாதீர்கள். 2024 செப்டம்பர் 1 முதல் நம் பங்களிப்பில் மூன்றில் ஒரு பங்கு சேமிப்புப் பக்கம் போகிறது. வரி ஆண்டுக்கு ஒரு முறை குறைந்தது 2,000 எடுக்கலாம், உண்மைதான். ஆனால் எடுப்பது முழுவதும் வருமானமாகச் சேர்ந்து உங்கள் உச்சப் படியில் வரி விழும். நீங்கள் எழுதிய சம்பளத்துக்கு அது 26 சதவீதம். கையில் 6,000 வர வேண்டுமென்றால் 8,100-க்கு மேல் எடுக்க வேண்டும், நிர்வாகக் கட்டணம் தனி. கிட்டத்தட்ட ஒன்றரை லாடச் செலவு வரியாகவே போய்விடும். அதைவிட மாதம் 1,500 வீதம் கார்டில் கட்டுங்கள், நாலு மாதத்தில் அசல் முடிந்துவிடும், கொசுறாகக் கொஞ்சம் வட்டி. அதுவரை புது லாடத்தைக் கார்டில் போடக்கூடாது. கார்டு வட்டிக்குச் சட்டம் வைத்திருக்கிற உச்சம், ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டியோடு இன்னும் 14 சதவீதம். குதிரையைவிட வேகமாக ஓடுகிற ஒரே ஜீவன் அதுதான்.

சார்ஸ்? முடியாது. மகளின் பொழுதுபோக்கு உங்கள் சொந்தச் செலவு, சம்பளத்திலிருந்து கழிக்க வழியில்லை. இதைத் தொழில் என்று காட்டலாம் என யாராவது யோசனை சொன்னால், வருமான வரிச் சட்டத்தின் 20ஏ பிரிவைப் படித்துவிட்டு வரச் சொல்லுங்கள். சந்தேகத்துக்குரிய தொழில்கள் என்று அதில் ஒரு பட்டியலே இருக்கிறது, போட்டிகளில் மிருகங்களைக் காட்டுவதும் அதில் உண்டு.

மாதம் 1,200, கார்டுக்கு 1,500, வாடகை 4,500 மூன்றும் சேர்ந்து முதல் நாலு மாதமும் மாதாமாதம் 7,200. ஆப்பிரிக்கக் குதிரை நோய்க்கான தடுப்பூசி, பூச்சி மருந்து, பல் பார்ப்பது எல்லாம் இதற்கு வெளியே. ஆகவே மூச்சு முட்டினால் குதிரையை விற்பதற்கு முன் பங்குக்கு விடுங்கள். அதே லாயத்தில் குதிரை இல்லாத ஒரு பிள்ளை வாரத்தில் மூன்று நாள் ஏறட்டும், அவள் வீட்டார் பாதிச் செலவு கொடுக்கட்டும். வாய்ப்பேச்சாக விடாமல் ஒரு பக்கத்தில் எழுதி ரெண்டு வீட்டாரும் கையெழுத்துப் போடுங்கள். வாடகையில் பாதி என்று மட்டும் எழுதினால் லாடம் உங்கள் தலையிலேயே நிற்கும். 'லாடம், கழன்ற லாடம், மருத்துவர்' மூன்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள். இப்படி எழுதாமல் விட்டுச் சண்டை போட்டுக்கொண்ட ரெண்டு குடும்பத்தை எனக்குத் தெரியும், ஒரே தெரு.

மகளின் தீபாவளிக் காசை வாங்குங்கள். நூறோ இருநூறோ, தொகை முக்கியமில்லை. வாங்கி அந்த லாடக் கணக்கில் போட்டு, பாஸ்வேர்டை அவளிடம் கொடுங்கள். அடுத்த முறை லாடக்காரர் வரும்போது அவளே பணம் அனுப்பட்டும், தேதியை நோட்டில் எழுதட்டும். தினமும் குளம்பு சுத்தம் செய்யும்போது ஆணி மடிப்பை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். மடிப்பு தூக்கிக்கொண்டு விரலில் உரசினால் லாடம் தளர்கிறது. அன்றைக்கே லாடக்காரருக்கு ஒரு போன்.