கரப்பானுக்கு எலியா, நாயா? – கேள்வி பதில்

கரப்பான் (எக்சிமா), சொரியாசிஸ் போன்ற தோல் அழற்சி நோய்களை விலங்குகளில் ஆராய்வது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும். வைத்தியம் கேட்டு எழுதாதீர்கள்.

கேள்வி: மேடம், எம்.பார்ம். ப்ராஜெக்ட்டில் ஒரு மூலிகைக் களிம்பை சொரியாசிஸுக்குச் சோதிக்கிறேன். சுண்டெலிக்குச் சொரியாசிஸ் போன்ற அழற்சியை வரவழைக்க இமிகுவிமோட் க்ரீம் எவ்வளவு, எத்தனை நாள் பூச வேண்டும்?

பதில்: 2009-ல் ராட்டர்டாம் குழு வெளியிட்ட முறையைத்தான் பெரும்பாலோர் பின்பற்றுகிறார்கள். 5% க்ரீம், தினம் 62.5 மி.கி., மயிர் மழித்த முதுகிலும் வலது காதிலும், ஐந்தாறு நாள். இரண்டு மூன்று நாளில் தோல் சிவக்கும். அப்புறம் தடித்துச் செதில் உதிரும். சிவப்பு, தடிப்பு, செதில் மூன்றுக்கும் தனித்தனியாக 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவார்கள். போடுகிறவருக்கு எது எந்தக் குழு என்று தெரியக் கூடாது.

ஒப்பீட்டுக் குழுவுக்கு வெறும் வாஸ்லினைத் தடவிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். பெயர்பெற்ற அந்த க்ரீமின் அடிப்பொருளில் ஐசோஸ்டியரிக் அமிலம் இருக்கிறது. மருந்தே இல்லாவிட்டாலும் அது தோலைக் கிளறிவிடும். அதனால் மருந்தில்லாத அதே அடிக்களிம்பைத்தான் பூச வேண்டும். எலிகள் க்ரீமை நக்கி விழுங்கவும் செய்யும். அதனால் எடை குறையும். தினமும் நிறுத்துப் பாருங்கள்.

கேள்வி: கால்சிபோட்ரியால் சொரியாசிஸுக்குத் தரும் மருந்து. அதையே பூசி எலிக்குக் கரப்பான் வரவழைக்கிறார்களாமே?

பதில்: நல்ல கேள்வி. 2006-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஷம்போன் குழுவினர் இதைக் காட்டினார்கள். இந்த வைட்டமின் டி வகை மருந்தைச் சுண்டெலியின் காதில் தொடர்ந்து பூசினால், மேல்தோல் செல்கள் டிஎஸ்எல்பி என்ற புரதத்தை ஏராளமாகச் சுரக்கின்றன. அது ஒவ்வாமை வகை எதிர்ப்பணுக்களைத் தூண்டிவிடும். காது சிவந்து தடிக்கும், எலி சொறியும், ரத்தத்தில் ஐஜிஈ என்ற ஒவ்வாமை எதிர்ப்புரதம் ஏறும். மனிதனுக்கு மருந்தாக இருப்பது எலிக்கு நோய்!

இதைப் பார்த்து, டிஎஸ்எல்பியை அடைத்தால் கரப்பான் தீரும் என்று நம்பினார்கள். அதை அடைக்கும் டெசிபெலுமாப், 2019-ல் வெளியான இரண்டாம் கட்டச் சோதனையில், கரப்பான் நோயாளிகளிடம் போலி மருந்தைவிடத் தெளிவான மேன்மை காட்டவில்லை. இரு குழுவினரும் ஸ்டீராய்டு களிம்பும் பூசிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அதே மருந்துக்கு 2021-ல் அமெரிக்காவில் ஆஸ்துமாவுக்கு அனுமதி கிடைத்தது. எலி காட்டியது பொய்யில்லை. நோயின் ஒரு இழையை மட்டும் காட்டியது.

கேள்வி: என் மகனுக்கு முழங்கை மடிப்பில் கரப்பான். என்ன தடவலாம்?

பதில்: தோல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: இமிகுவிமோட் எத்தனை நாள் மேடம்?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். வந்ததற்கு ஒன்று புதிதாகச் சொல்கிறேன். சி57 கறுப்பு எலியை மழித்ததும் முதுகைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் மயிர் ஓய்வில் இருக்கிறது. கறுத்த திட்டு தெரிந்தால் மயிர் வளர்கிறது, தோல் தானாகவே தடித்திருக்கும். அந்த எலியைச் சேர்த்தால் உங்கள் தடிப்புக் கணக்கு நாசம்.

கேள்வி: நான் கால்நடை மருத்துவர். எலிக்கு நோயை நாமாக வரவழைக்கிறோம். நாய்க்கோ கரப்பான் தானே வருகிறது: தூசிப் பூச்சி ஒவ்வாமை, பாதம், அக்குள், காது என்று மனிதனைப் போலவே. நாயை விட்டு எலியைப் பிடித்துக்கொண்டு தொங்குவது ஏன்?

பதில்: பாதி ஒப்புக்கொள்கிறேன் டாக்டர். சுண்டெலியின் மேல்தோலில் இரண்டு மூன்று அடுக்குதான். நமக்கு இல்லாத ஒரு வகை டி-செல்லும் (ஒரு வகை எதிர்ப்பணு) அதில் நிறைய உண்டு. ஆனால் ஒரு மரபணுவை எடுத்துவிட்டு அல்லது கூட்டிவிட்டு என்ன ஆகிறது என்று நாயில் பார்க்க முடியுமா? ஐஎல்-31 என்ற புரதம் மிகையாகச் சுரக்கும்படி மாற்றிய எலிகள் மயிர் உதிரச் சொறிந்துகொள்வதை 2004-ல் கண்டார்கள். அரிப்பில் ஐஎல்-31-க்குப் பங்கு உண்டு என்பதற்கு அது ஒரு துப்பு.

கேள்வி (அதே மருத்துவர்): துப்பு எலியில் கிடைத்தது, சரி. மருந்தாக முதலில் பலன் கண்டது யார்? ஐஎல்-31-ஐ அடைக்கும் லோகிவெட்மாப் ஊசி என் கிளினிக் நாய்களுக்குத்தானே முன்னால் வந்தது!

பதில்: ஆமாம். மனிதருக்கு அதே வழியை அடைக்கும் நெமோலிசுமாப்புக்கு அமெரிக்காவில் 2024-ல்தான் அனுமதி. ஆனால் உங்கள் நாய்கள் வீட்டு நாய்கள். தீனி வேறு, வயது வேறு, இனம் வேறு. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க அந்தக் கலவை நல்லது. ஏன் வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்க்க அதே கலவை தொல்லை.

கேள்வி: அப்படியானால் என்சி/என்கா எலி? அதற்கும் தானாகவே வருகிறதே?

பதில்: ஜப்பானிய எலி வகை. சாதாரண எலிக்கூடத்தில் வளர்த்தால் கரப்பான் வரும். கிருமி நீக்கிய கூடத்தில் வளர்த்தால் வராது. கட்டுரையில் எந்தக் கூடம் என்று எழுதாதவர்களின் முடிவை நான் படிப்பதே இல்லை.

கேள்வி: மேடம், இமிகுவிமோட் ஆறு நாளா ஏழு நாளா? ஒப்பீட்டுக்கு வாஸ்லின் போதுமா?

பதில்: போதாது. போதவே போதாது.

கேள்வி: நெறிமுறைக் குழு அனுமதி வருவதற்குள் நான்கைந்து எலியில் முன்னோட்டம் பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. முன்னோட்டத்துக்கும் விண்ணப்பத்தில் எண்ணிக்கை எழுதி அனுமதி வாங்குங்கள்.