ஐந்தாம் வார்த்தைக்கு ஆள் தேவை

கேள்வி: எங்கள் ஊரில் ஒரே தெருவில் மூன்று சபைகள். விசுவாசிகளுக்குள் ஐக்கியம் இல்லை, அன்பு இல்லை, தாழ்மை துளியும் இல்லை. இவர்களை ஒன்றாக்க என்னதான் வழி? (மயிலாடுதுறை வாசகர் ஒருவர்)

பதில்: நீங்கள் கத்தோலிக்கர் இல்லை, சரிதானே? ஜோசியமெல்லாம் இல்லை. ‘தாழ்மை’ காட்டிக்கொடுத்துவிட்டது. கத்தோலிக்கராக இருந்தால் ‘தாழ்ச்சி’ என்று எழுதியிருப்பீர்கள். ஐக்கியம் ‘ஒன்றிப்பு’ ஆகியிருக்கும், விசுவாசிகள் ‘இறைமக்கள்’ ஆகியிருப்பார்கள். அப்பமும் திராட்சை ரசமும் ஒன்றுதான். ஆனால் அது ஓரிடத்தில் நற்கருணை, ஓரிடத்தில் இராப்போஜனம், ஓரிடத்தில் திருவிருந்து, இன்னோரிடத்தில் அப்பம் பிட்குதல். கடவுளுக்கே ஒரு பெயர் நிலைக்கவில்லை. பழைய கத்தோலிக்கருக்குச் சர்வேசுரன், 18-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மிஷனரி பப்ரிசியுஸின் மொழிபெயர்ப்பில் பராபரன், உங்கள் கையிலிருக்கும் வேதாகமத்தில் தேவன். கத்தோலிக்கரும் மற்றவர்களும் கூடி உட்கார்ந்து, 1995-ல் பொது மொழிபெயர்ப்பாகத் திருவிவிலியத்தைக் கொண்டுவந்து ‘கடவுள்’ என்றார்கள். கத்தோலிக்கர் எடுத்துக்கொண்டார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் அதை அலமாரியில் மரியாதையாக வைத்திருக்கிறார்கள்.

ஐக்கியத்துக்கு நீங்கள் வெளியூர் போக வேண்டியதில்லை. 1919 மே மாதத்தில், அந்த வெயிலில், உங்கள் மாவட்டத்துத் தரங்கம்பாடியில்தான் ஆயர் அசரியா முதலானோர் கூடி, ‘இந்தப் பிரிவினை நாங்கள் உண்டாக்கியது அல்ல, வெளியிலிருந்து எங்கள் தலையில் கட்டியது’ என்று அறிக்கை விட்டார்கள். அது பல சபைகள் இணைந்த தென்னிந்தியத் திருச்சபையாக (சி.எஸ்.ஐ.) கைகூடியது 1947 செப்டம்பர் 27-ல். 28 வருஷம்! ஆயர் கைவைத்து அபிஷேகம் பண்ணாத போதகர் போதகர்தானா என்ற வழக்கே அதில் பெரும்பகுதியை விழுங்கியது. இதில் வேடிக்கை, தரங்கம்பாடி லுத்தரன்மார் அதில் சேரவே இல்லை. அதே 1919-ல் அவர்கள் தனியாகத் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை அமைத்துக்கொண்டார்கள். பந்தல் போட்ட ஊர்க்காரரே பந்தியில் உட்காரவில்லை.

வெளியிலிருந்து வந்தது என்று சொன்னார்களே, சாதி எந்தக் கப்பலில் வந்தது? 1833-ல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி பார்ப்பதை உடனே, அடியோடு விட வேண்டும் என்று உத்தரவிட்டார். தஞ்சாவூர்ச் சபைகளில் பலர் சாதியை விடவில்லை, சபையை விட்டார்கள். திருச்சியில் சாதிக்காகக் குறுக்கே சுவர் வைத்த கல்லறைத் தோட்டமே உண்டு. செத்த பிறகும் தாழ்மை வராது போலிருக்கிறது.

சரி, உங்கள் தெருவுக்கு வருகிறேன். ஒற்றுமையாக இருங்கள் என்று மூன்று போதகர்களிடமும் சொல்லிப் பயனில்லை. மூவரும் ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் பிரசங்கம் பண்ணுகிறார்கள். பெரிய வெள்ளி மும்மணித் தியானத்தைச் சேர்ந்து நடத்திப் பாருங்கள். (கத்தோலிக்கரை இதில் எதிர்பார்க்க வேண்டாம், அன்று அவர்களுக்கு வேறு வழிபாடு. ஜனவரி 18 முதல் 25 வரை ஒன்றிப்பு வாரம் வரும், அப்போது கூப்பிடுங்கள்.)

பன்னிரண்டிலிருந்து மூன்று, 180 நிமிஷம். சிலுவையில் இயேசு சொன்ன வார்த்தை ஏழு, வார்த்தைக்கு ஒரு பிரசங்கியார். வார்த்தைக்கு 15 நிமிஷம் என்றால் 105. வார்த்தைக்கு ஒரு பாட்டு, ஐந்து நிமிஷம் வீதம் 35. தொடக்க ஜெபமும் வேதபாடமும் 20, கடைசி ஜெபமும் காணிக்கையும் 20. மிச்சம் பூஜ்யம். ‘ஒரு சின்ன சாட்சி சொல்லிவிட்டு வார்த்தைக்குள் போகிறேன்’ என்பதற்கு இதில் இடமே கிடையாது. ஆனால் நடப்பது என்ன? முதல் ஆள் தலைமடைக்காரர் மாதிரி மதகைத் திறந்துகொண்டு நாற்பது நிமிஷம் பாய்ச்சுவார். கடைமடையில் இருக்கும் ஏழாமவருக்கு மூன்றே காலுக்கு மைக் வரும், அதற்குள் உபவாசத்தில் இருக்கும் பாட்டிமார் மயங்கிச் சாய்வார்கள். வந்த விருந்தாளியை நிறுத்த, நடத்துகிற போதகருக்கு வாய் வராது. அதனால் நேரம் பார்க்கிற வேலையை ஒரு பள்ளி ஆசிரியரிடம் கொடுங்கள். 13-ஆம் நிமிஷம் ஒரு மணி. 15-ல் பாடகர் குழு எழுந்து நிற்க வேண்டும், கீபோர்டு தொடங்கிவிட வேண்டும். கீபோர்டுக்காரர் மூன்று சபையிலும் சேராதவராக இருப்பது உத்தமம்.

அடுத்த வில்லங்கம், எந்த வார்த்தை யாருக்கு. ஆறாவதான ‘முடிந்தது’ எல்லோருக்கும் வேண்டும், அதில் குரலை உயர்த்தலாம். ஐந்தாவதான ‘தாகமாயிருக்கிறேன்’ யாருக்கும் வேண்டாம். கிரேக்கத்தில் ஒரே சொல், அதில் ஒரு மனுஷன் தண்ணீர் கேட்கிறான், அவ்வளவுதான். திருவுளச்சீட்டுப் போடுங்கள். ஒரே தாளில் வெட்டிய ஏழு துண்டு, நாலாக மடித்தது, எடுப்பது ஞாயிறு பள்ளிப் பிள்ளை. இரண்டு வாரம் முன்னாலேயே எடுத்துவிடுங்கள், தயாரிக்க நாள் வேண்டும். மாற்றிக்கொள்ளவும் கூடாது.

காணிக்கையைச் சபைக்கு ஒருவராக மூன்று பேர் ஒரே மேஜையில் எண்ணி, ஒரே நோட்டில் கையெழுத்துப் போடட்டும். அதை மூன்றாகப் பங்கு போடாதீர்கள். பங்கு என்றதும் ‘எங்கள் சனம் எத்தனை’ என்ற கணக்கு கிளம்பும். அப்படியே கஞ்சிக்குத் திருப்புங்கள். 200 பேருக்கு அரிசி 12 கிலோ, பச்சைப்பயறு 3 கிலோ. நெல் அறுவடையை ஒட்டி வயலில் விதைத்த பயறு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கும், புதுசு கிடைக்கும். பயற்றைத் தனியாக வேகவையுங்கள், சேர்த்துப் போட்டால் அரிசி குழைந்த பிறகும் பயறு நறுக்கென்று நிற்கும். பிரசங்கம் பண்ணிய ஏழு பேரும் அங்கியைக் கழற்றிவிட்டு ஊற்றட்டும். தத்துவம் ஒன்றும் இல்லை, வெள்ளை அங்கியில் கஞ்சிக் கறை போகாது.

எனக்கும் ஃபிளெக்ஸ் போர்டுக்கும் ஆகாது என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். ‘தாழ்மையுடன் அழைக்கிறோம்’ என்று பத்தடி உயரத்தில் எழுதும் ஊர் இது. ஏழு பேர் படம் போட்டால் எட்டாவது சண்டை அங்கேதான். யார் தலை நடுவில், யார் பெயருக்கு முன்னால் மறைதிரு, யாருக்கு வெறும் ‘பாஸ்டர்’. படமும் வேண்டாம், பெயரும் வேண்டாம். தேதி, நேரம், கஞ்சி உண்டு என்பது போதும், கூட்டம் வரும்.

ஐந்தாம் சீட்டு யாருக்கு விழுந்தது, அவர் 15 நிமிஷத்தில் முடித்தாரா என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.