அமெரிக்க நாட்டார் கதைகளுக்கு ஒரு சிறுபத்திரிகை: கேள்வி பதில்

அமெரிக்க வரலாற்றையும் நாட்டார் வழக்காற்றையும் வைத்து ஆங்கிலத்தில் ஓர் இலக்கிய இதழ் தொடங்க அங்கே வசிக்கும் நம்மவர்கள் சிலர் யோசிக்கிறார்கள். அந்த மாதிரி ஒரு சிறுபத்திரிகையின் ஆசிரியர் குழுவில் நான் இருப்பதால் கேள்விகளை என் பக்கம் தள்ளிவிட்டார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, "அமெரிக்க வரலாறும் நாட்டுப்புறப் பண்பாடும்" என்று இதழின் நோக்கத்தை ஒரே வரியில் எழுதிவிட்டோம். போதாதா?

போதாது. அந்த வரியைப் படிக்கிற எழுத்தாளருக்கு எதை அனுப்புவது என்றே தெரியாது. ஒரு நிலப்பகுதியையோ ஒரு தொழிலையோ பிடித்துக்கொள்ளுங்கள்: நிலக்கரிச் சுரங்கம், மிசிசிப்பிப் படகுகள், ரயில் பாதை போட்டவர்கள், எதுவானாலும் சரி. 1966இல் ஜார்ஜியா மாநிலத்தின் ராபன் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) பள்ளிப் பிள்ளைகள் 'ஃபாக்ஸ்ஃபயர்' என்று ஓர் இதழ் தொடங்கினார்கள். தங்கள் மலையூர்ப் பெரியவர்களைத் தேடிப் போய், மரக்கட்டைகளை அடுக்கி வீடு கட்டுவது, பன்றி அறுப்பது, ராசி பார்த்து விதைப்பது, திருட்டுச் சாராயம் காய்ச்சுவது என்று கேட்டுக் கேட்டு எழுதினார்கள். 1972இல் அது புத்தகமாக வந்து லட்சக்கணக்கில் விற்றது. ஒரே ஒரு கவுண்டிதான்!

பால் பன்யன், ஜானி ஆப்பிள்சீட் கதைகளைப் புதிதாகச் சொல்லி முதல் இதழை நிரப்பலாமா?

எங்களுக்கு வருகிற படைப்புகளில் இந்த இரண்டு பேரும்தான் திரும்பத் திரும்ப வருகிறார்கள். எனக்கு அலுத்துவிட்டது, உண்மையைச் சொல்கிறேன். ராட்சத மரம்வெட்டி பால் பன்யனைப் பற்றி மரவெட்டு முகாம்களில் சில கதைகள் புழங்கியது நிஜம். ஆனால் அவரை நாடெங்கும் கொண்டுபோனது ரெட் ரிவர் என்ற மரக் கம்பெனி 1914 முதல் போட்ட விளம்பரப் புத்தகங்கள். பின்னாளில் ரிச்சர்ட் டார்சன் என்ற வழக்காற்று ஆய்வாளர் இந்த வகையையே போலிச் சரக்கு என்று போட்டுத் தாக்கினார்.

அதற்காக ஒதுக்க வேண்டாம். கம்பெனி விளம்பரம் எப்படி ஒரு நாட்டின் புராணமாயிற்று என்று யாராவது எழுதித் தந்தால் நான் முதல் பக்கத்தில் போடுவேன். ஆப்பிள்சீட்டும் அப்படித்தான். 1774இல் மாசசூசெட்ஸில் பிறந்த ஜான் சாப்மன் என்ற நிஜ ஆள் அவர். குடியேறிகள் வருவதற்கு முன்னாலேயே போய் நாற்றங்கால் போட்டு விற்றவர். அந்த ஆப்பிளில் பெரும்பகுதி போனது சைடர் என்கிற மதுவுக்கு. குழந்தைப் புத்தகங்களில் இது வராது, உங்கள் இதழில் வரட்டும்.

நாட்டுப்பாடல்தானே, யாருக்கும் சொந்தமில்லையே? அப்படியே எடுத்துப் போட்டால் என்ன?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். 1866இல் வட கரோலினா மலைப்பகுதியில் லாரா ஃபாஸ்டர் என்ற பெண் கொலையானாள். அந்த வழக்கில் டாம் டூலா என்ற முன்னாள் சிப்பாயை 1868இல் தூக்கில் போட்டார்கள். ஊரில் அதைப் பற்றிப் பாட்டு எழுந்தது. 1938இல் ஃபிராங்க் பிராஃபிட் என்ற மலைநாட்டு விவசாயி அதைப் பாடிக்காட்ட, ஃபிராங்க் வார்னர் என்ற சேகரிப்பாளர் கற்றுக்கொண்டு போனார். 1958இல் கிங்ஸ்டன் டிரியோ என்ற பாட்டுக் குழு அதையே 'டாம் டூலி' என்ற பெயரில் பாடிய இசைத்தட்டு அமெரிக்கா முழுக்க முதலிடத்துக்குப் போயிற்று. பாட்டைத் தந்த விவசாயிக்கு ராயல்டியில் ஒரு பங்கு கிடைப்பதற்குள் வருஷங்கள் ஓடிவிட்டன.

பாட்டுக்குச் சொந்தக்காரர் இல்லாமல் இருக்கலாம், பாடியவருக்குப் பெயர் உண்டு. அதனால் எங்கள் இதழில் ஒவ்வொரு பாடலுக்கும் கதைக்கும் கீழே யார் சொன்னது, எந்த ஊர், எந்த வருஷம், யார் பதிவு செய்தது என்று ஒரு வரி இருக்கும். அது இல்லாமல் அச்சுக்குப் போகாது.

சட்டப்படி, அமெரிக்காவில் வெளியாகி 95 ஆண்டு முடிந்த நூல்களைத் தாராளமாக எடுக்கலாம். ஒலிப்பதிவுகளுக்கு விதி வேறு, அதைத் தனியாகப் பாருங்கள். பழைய பாட்டுக்கு ஒருவர் புதிதாகச் சேர்த்த வரிகளுக்கும் தனி உரிமை இருக்கக்கூடும்.

அடிமையாக இருந்தவர்களின் வாக்குமூலங்கள் அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றனவே, அவற்றிலிருந்து எடுக்கலாமா சகோதரி?

எடுக்கலாம், பொக்கிஷம் அது. 1936 முதல் 1938 வரை அரசின் எழுத்தாளர் திட்டத்தில் பதிவானவை, 2,300க்கும் மேல். இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். ஆனால் பேட்டி எடுத்தவர்களில் பெரும்பாலோர் தெற்கத்தி வெள்ளையர்கள். நிறவெறி கோலோச்சிய காலம். எண்பது வயதுக் கிழவர் தன் வீட்டுத் திண்ணையில் ஒரு வெள்ளைக்காரரிடம் பழைய எஜமானைப் பற்றி என்னதான் சொல்லியிருப்பார்? அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

இன்னொரு சங்கதி, எழுத்துக்கூட்டல். எல்லாரும் ஒரே மாதிரி உச்சரிக்கிற சாதாரணச் சொல்லைக்கூட, பேசியவர் கறுப்பர் என்பதால் கோணல்மாணலாக எழுதி வைத்திருப்பார்கள். அந்தத் திட்டத்தில் இருந்த கறுப்பினக் கவிஞர் ஸ்டெர்லிங் பிரவுன் அப்போதே கண்டித்தார்: பேச்சின் போக்கைக் காப்பாற்றுங்கள், உச்சரிப்பை எழுத்தில் காட்டுவது அப்புறம். புதிதாக எழுதி அனுப்புகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறோம்.

பூர்வகுடிகளின் கதைகள்?

நீங்களாக எடுத்துத் திருப்பிச் சொல்லாதீர்கள். நவஹோ மக்கள் கொயோட்டி என்ற ஓநாய் இன விலங்கைப் பற்றிய கதைகளைக் குளிர்காலத்தில் மட்டும்தான் சொல்வார்கள். அதைக் கோடை இதழில் வண்ணப்படத்தோடு போட்டால் நாம் என்ன படித்தோம் என்று ஆகிவிடும். அந்த இனத்து எழுத்தாளர்களையே எழுதக் கேளுங்கள், சன்மானம் கொடுத்து.

நான் குடியேறி வந்தவள். இதை நடத்த எனக்கு என்ன தகுதி என்று கேட்டால்?

1976இல் அமெரிக்க நாடாளுமன்றம் நாட்டார் வாழ்வு பற்றி ஒரு சட்டம் போட்டது. அதில் குடும்பம், இனம், தொழில், மதம், வட்டாரம் என்று எந்தக் குழுவின் வழக்கமும் அடங்கும். நியூ ஜெர்சி அடுக்குமாடி வாசலில் சாக்பீஸால் போடுகிற கோலமும் அதற்குள் வரும். கேட்கிறவர்களிடம் சட்டத்தைக் காட்டுங்கள்.

செலவு கட்டுப்படியாகுமா?

ஆகாது. கையை விட்டுத்தான் போகும். இதழ்களை அடையாளம் காட்டுகிற ஐ.எஸ்.எஸ்.என். எண் அங்கே காங்கிரஸ் நூலகத்தில் இலவசம், அதையாவது வாங்கிவிடுங்கள். நடுவில் பின் அடிக்கிற இதழ் என்றால் பக்கங்கள் நான்கின் மடங்காக வர வேண்டும். 62 பக்கம் அனுப்பினால் அச்சகத்தார் சிரிப்பார். தபாலில் மலிவான மீடியா மெயிலை நம்பிக் கணக்குப் போடாதீர்கள், விளம்பரம் உள்ள இதழை அதில் அனுப்ப முடியாது. மற்ற இதழ்களோடு விளம்பரம் மாற்றிக்கொள்வது வழக்கம் என்பதால் பலரும் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

எழுத்தாளரிடம் முதல் வெளியீட்டு உரிமையை மட்டும் வாங்குங்கள், இதழ் வந்ததும் உரிமை அவரிடமே திரும்பட்டும். அப்புறம், இரண்டாம் இதழுக்குப் பாதி சரக்கு கையில் சேராமல் முதல் இதழின் அறிவிப்பை வெளியிடாதீர்கள்.