வாத்தியார் வீட்டுப் புலம்பல்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் வாசகர் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

கேள்வி: என் அண்ணி தமிழ்ப்பள்ளி ஆசிரியை. மதியம் இரண்டு மணிக்கு வீட்டில் இருக்கிறார். பள்ளி விடுமுறை, ஓய்வூதியம் எல்லாம் உண்டு. ஆனாலும் சாப்பிட உட்கார்ந்தால் வேலைச்சுமைப் பேச்சுதான். நான் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். மில் வாசலில் வரிசையில் நின்று, இறக்கி, வீடு வர இரவு பத்தாகிவிடும். நான் யாரிடம் புலம்புவது?
– லோரி ஓட்டுநர், சுங்கை சிப்புட்

பதில்: என்னிடம்தான் புலம்பிவிட்டீர்களே தம்பி!

அண்ணி இரண்டு மணிக்கு வந்துவிடுகிறார், சரி. இரவு பதினொரு மணிக்கு மேல் அவர் என்ன செய்கிறார் என்று பார்த்தீர்களா? ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிவந்த யூபிஎஸ்ஆர் பொதுத்தேர்வை 2021இல் எடுத்துவிட்டார்கள். வகுப்பறை மதிப்பீடு நிலைத்துவிட்டது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு பாடத்திலும் ஒன்று முதல் ஆறு வரை அடைவுநிலை போட்டாக வேண்டும். பகலில் எல்லாப் பள்ளிகளும் ஒரே நேரத்தில் முட்டிக்கொள்வதால் அதைப் பதியும் இணையப்பக்கம் திறக்காது. பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுப் பதிவு செய்ய உட்காரும் ஆசிரியைகள் பலரை எனக்குத் தெரியும். பாடவேளை அரை மணி நேரம். அந்தப் பாடத்தை நடத்தியதற்குப் படம் எடுத்து, அறிக்கை எழுதி, கோப்பில் சேர்ப்பதற்கு அதைவிட அதிக நேரம் பிடிக்கிறது.

தோட்டப்புறப் பள்ளி என்றால் கேட்கவே வேண்டாம். 150 பேருக்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட பள்ளிகளில் ஆசிரியர்களும் சிலர்தாம். ஆனால் பெரிய பள்ளியில் இருக்கும் அத்தனை செயற்குழுவும் இங்கேயும் உண்டு. நூலகம், பாடநூல் கடனுதவி, சாரணர், விளையாட்டுப் போட்டி எல்லாம் ஒருவர் தலையிலேயே விழும். 30 பேருக்கும் கீழே போய்விட்டால் இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் சேர்த்து நடத்த வேண்டும்.

இப்போது உங்கள் கதைக்கு வருகிறேன். 2023 ஜனவரி முதல் வேலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்றிருந்ததை 45 ஆக்கியது. மாதம் 4,000 ரிங்கிட்டுக்குள் சம்பளம் வாங்குகிறவருக்குக் கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கூலி உண்டு. அரசு ஊழியரான அண்ணிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. நள்ளிரவு வரை பதிவு செய்தாலும் ஒரு காசும் கூடுதலாக வராது. ஆனால் உங்களுக்கும் அது கைக்கு வருகிறதா? நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசிவிட்டால், மில் வாசலில் நிற்கும் நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. உங்கள் குறை அங்கே இருக்கிறது, அண்ணியின் விடுமுறையில் இல்லை. அவருடைய நள்ளிரவும் உங்கள் வரிசை நேரமும் கூலி எழுதப்படாத நேரம். இதில் இரண்டு பேருமே ஒரே கட்சி.

அண்ணிக்கும் ஒன்று சொல்வேன். என் அம்மா பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு)ப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். கத்தி ஆழமாக இறங்கி மரத்தில் காயம் பட்டால் கங்காணியின் ஏச்சு. வெட்டி முடித்த பிறகு மழை வந்தால் பால் வடியும் கிண்ணமான மங்கில் பாலோடு தண்ணீர் நிறைந்து வழியும், அன்றைய கூலியும் அதோடு போய்விடும். மழையில் நனைந்தாலும் ஆசிரியைக்குச் சம்பளம் குறைவதில்லை. அதை மறந்துவிட்டு, தோட்டத்து வேலைக்காரர் முன்னால் “எங்களைவிடக் கஷ்டப்படுகிறவர் யார்” என்று கேட்டால் எனக்கே கோபம் வரும். சோற்றுத் தட்டுக்கு முன்னால் புலம்பி என்ன பயன்? தாதியரைப் பாருங்கள். அவர்களுடைய வார வேலை நேரத்தை 42இலிருந்து 45 மணியாக்கும் அறிவிப்பு 2024இல் வந்தபோது எதிர்ப்பு கிளம்பியது, அது ஒத்திவைக்கப்பட்டது. ஆசிரியர்களுக்கும் சங்கம் இருக்கிறது. சந்தா கட்டினால் மட்டும் போதுமா, கூட்டத்துக்குப் போக வேண்டாமா?

கேள்வி: அந்தக் காலத்துத் தோட்டத்து வாத்தியார்கள் இப்படியெல்லாம் குறை சொன்னார்களா?
– வாசகி, கோலகங்சார்

பதில்: யாரிடம் சொல்வார்கள்? தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் முதலாளி பள்ளி வைத்தாக வேண்டும் என்று பழைய தொழிலாளர் சட்டம் சொன்னது. பல இடங்களில் தோட்டத்து எழுத்தரான கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். சம்பளம் தருபவர் துரை. குறை சொன்னால் வீடும் சேர்ந்து போய்விடும். 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் தமிழ்ப்பள்ளிகள் தேசியக் கல்வி முறைக்குள் வந்தன. வாய் திறக்கும் தைரியம் அதன் பிறகுதான் மெல்ல வந்தது.

கேள்வி: பெற்றோர் சந்திப்புக்குப் பாதிப் பேர்கூட வருவதில்லை. இவர்களுக்குப் பிள்ளைகள் மேல் அக்கறையே இல்லையா?
– இளம் ஆசிரியர், பேராக்

பதில்: சந்திப்பை எந்த நாளில் வைத்தீர்கள், ஐயா? வேலை நாளில் காலை பத்து மணிக்கு என்றால், மில்லில் இருப்பவரும் தொழிற்சாலையில் இருப்பவரும் அன்றைய கூலியை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வையுங்கள். தோட்ட ஆபீஸில் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். அப்படியும் வராவிட்டால் எழுதுங்கள், அடுத்த இதழில் பெற்றோரை நான் ஏசுகிறேன்.