பவர் பிரஸ்ஸில் விரல் போனால் குற்றம் யார் மேல்?

கேள்வி: என் தம்பி ஒரு சின்ன கம்பெனியில் கான்ட்ராக்டில் பவர் பிரஸ் (தகட்டை அடித்து வடிவமாக்கும் மெஷின்) ஓட்டுகிறான். பீஸை எடுக்க டைக்குள் (தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சு) கை விட்டிருக்கிறான், பெடலை மிதிக்காமலேயே பிரஸ் டபுள் அடித்துவிட்டது. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் இரண்டு கணு போய்விட்டது. "அசால்ட்டா இருந்தான்" என்கிறார் சூப்பர்வைசர். "சேர்ந்து ரெண்டு வாரம்தான் ஆச்சு, இஎஸ்ஐ கிடைக்காது" என்கிறார் கான்ட்ராக்டர். உண்மையா?
(பெயர் வேண்டாம், அம்பத்தூர்)

பதில்: கான்ட்ராக்டர் சொல்வது தவறு. இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கெல்லாம் காய்ச்சல், ஆபரேஷன் என்று லீவு எடுப்பவர்களுக்குத்தான். வேலையில் அடிபட்டவருக்கு, சேர்ந்த முதல் நாளே பட்டிருந்தாலும், உரிமை உண்டு. கம்பெனியில் 10 பேராவது இருந்து, தம்பியின் சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் போதும். அவன் பெயரைப் பதிவே செய்யவில்லை என்றாலும் கவலை வேண்டாம், கம்பெனியிடமிருந்து அதை வசூலிப்பது இஎஸ்ஐயின் பாடு. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் வரும். அப்புறம் மெடிக்கல் போர்டு கையைப் பார்த்து, சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போனது என்று முடிவு செய்யும். சட்டத்தின் அட்டவணைப்படி ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போனால் 11 சதவீதம், நடுவிரலில் 9 சதவீதம். அந்த விகிதத்தில் ஆயுள் முழுக்கப் பணம் உண்டு.

ஆனால் ஒன்றை இன்றைக்கே பாருங்கள். முதலில் போன ஆஸ்பத்திரியின் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது? "பைக்கில் விழுந்தார்", "கதவு நசுக்கியது" என்று எழுத வைக்கிற வேலை பல இடங்களில் நடக்கிறது, பின்னால் அந்த ஒரு வரியே கேஸைக் கெடுத்துவிடும். விபத்து ரிப்போர்ட்டில் எந்த மெஷின், எந்த ஷிப்ட், எத்தனை மணி என்று தெளிவாக இருக்க வேண்டும், ஒரு நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும். கம்பெனி ரிப்போர்ட் அனுப்பவில்லை என்றால் இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் நீங்களே எழுதிக் கொடுங்கள். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும் ஒரு புகார் போகட்டும்.

சரி, அசால்ட் விஷயத்துக்கு வருகிறேன். விதியை மீறியே வேலை செய்திருந்தாலும், அது முதலாளியின் வேலைக்காகச் செய்தது என்றால் அதையும் வேலை விபத்தாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்கிறது. அதைவிட முக்கியம், பெடலை மிதிக்காமல் பிரஸ் இறங்கியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பழைய பின் கிளட்ச் பிரஸ்ஸில் (சுழலும் சக்கரத்தை ஒரு பின் அல்லது கீ கொண்டு இணைத்து அடிக்க வைக்கும் வகை) கீ தேய்ந்தாலோ, ஸ்பிரிங் தளர்ந்தாலோ, பிரேக் பிடிக்காமல் போனாலோ ராம் (மேலிருந்து இறங்கி அடிக்கும் பகுதி) மேலே நிற்காமல் இன்னொரு தடவை இறங்கும். நிமிடத்துக்கு 60 அடி அடிக்கும் மெஷினில் ராம் கீழே வர அரை விநாடி. எதிர்பாராமல் இறங்கும்போது அதற்குள் கையை இழுப்பது மிகக் கடினம். அந்த கிளட்ச்சைக் கடைசியாகக் கழற்றிப் பார்த்தது எப்போது, பராமரிப்பு ரிஜிஸ்டர் எங்கே என்று சூப்பர்வைசரிடம் கேளுங்கள். ஒரு ஷிப்டில் ஆயிரக்கணக்கான தடவை டைக்குள் கையை விட்டு எடுக்கிற வேலையில் ஒருத்தனுடைய கவனத்தை மட்டும் நம்பி மெஷினை ஓட்டுவதே தப்பு. கவனம் ஒரு தடவையாவது சிதறும். அப்போதும் கை தப்ப வேண்டும், அதற்குத்தான் தடுப்பு.

கேள்வி: எங்கள் ஒர்க்‌ஷாப்பில் பழைய பின் கிளட்ச் பிரஸ்கள் ஓடுகின்றன. லைட் கர்ட்டன் சென்சார் மாட்டிவிட்டால் போதுமா?
(சிறுதொழில் முனைவோர், கோயம்புத்தூர்)

பதில்: போதாது. சென்சார் கையைப் பார்த்ததும் "நில்" என்று சொல்லும், ஆனால் பின் கிளட்ச் ஒரு தடவை பிடித்துவிட்டால் முழுச் சுற்று முடியும்வரை நிற்காது. மாட்டிவிட்டோம் என்ற தைரியத்தில் ஆட்கள் கையை இன்னும் தாராளமாக விடுவார்கள், அது கூடுதல் ஆபத்து. டூ ஹேண்ட் பட்டனுக்கும் (இரண்டு கையாலும் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும்) இதே குறை உண்டு, டபுள் அடிக்கும்போது அது காப்பாற்றாது.

கை உள்ளே போகவே வழியில்லாமல் செய்யுங்கள். டையைச் சுற்றிக் கூண்டு போட்டு, பீஸ் போகும் இடைவெளியை 6 மில்லிமீட்டருக்குள் வைத்தால் விரல் நுழையாது. அது முடியாத பீஸுக்கு வெளியே வைத்துத் தள்ளுகிற ஸ்லைடு அல்லது காந்தக் குச்சி. கையிருப்பு அனுமதித்தால் ஃப்ரிக்‌ஷன் கிளட்ச்சுக்கு மாற்றுங்கள். அது நடுவழியில் நிற்கும், அதில் லைட் கர்ட்டன் உண்மையிலேயே வேலை செய்யும், ராம் நிற்க ஆகும் நேரத்துக்கு ஏற்ற தூரத்தில் மாட்டியிருந்தால். டை மாற்றும்போது மெயினை ஆஃப் செய்து பூட்டி, ஃப்ளைவீல் (சுழலும் கனமான சக்கரம்) முழுதாக நின்ற பிறகு, ராமுக்கு அடியில் முட்டுக் கட்டை வைக்காமல் யாரையும் உள்ளே கை வைக்க விடாதீர்கள். பீஸ் ரேட் பேசிவிட்டு, டார்கெட்டுக்காகக் கூண்டைக் கழற்றுவதைக் கண்டும் காணாமல் இருந்தால் மேலே சொன்ன எதுவும் நிற்காது. அது முழுக்க உங்கள் கையில்தான் இருக்கிறது.

கேள்வி: விரல் துண்டாகிவிட்டால் ஐஸில் போட்டு எடுத்துப் போகலாமா?
(வாசகி, ஓசூர்)

பதில்: நேராக ஐஸில் போடாதீர்கள், திசு உறைந்து கெட்டுவிடும். சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். காயத்தை அழுத்திக் கட்டி, கையை உயர்த்திப் பிடித்தபடி கூட்டிப் போங்கள். விரலை ஒட்ட வைக்கும் வசதி எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்காது, கிளம்பும்போதே போன் செய்து கேட்டுவிடுங்கள். சென்னைப் பக்கம் என்றால் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.