நன்றாகப் படித்த பையன் எட்டாம் வகுப்பில் திடீரென்று சரிந்தால் எப்படி ஊக்கப்படுத்துவது?

இப்படிக் கேட்கிறீர்கள் என்றால் இந்நேரம் போனைப் பிடுங்கி வைத்திருப்பீர்கள், டியூஷனும் மாற்றியிருப்பீர்கள். நானும் அதைத்தான் செய்தேன்.

நாங்கள் மதுரைப் பக்கம் ஒத்தக்கடை. ஏழாவது வரை என் மகன் கணக்கில் தொண்ணூறுக்குக் குறைய மாட்டான். எட்டாவது காலாண்டில் 34, அரையாண்டில் 29. காலையில் வயிற்றுவலி என்பான், எதைக் கேட்டாலும் எரிந்து விழுவான். திமிர் என்று முடிவு கட்டி, கிரிக்கெட் மட்டையைப் பீரோ மேல் தூக்கி வைத்தேன். இரண்டாவதாக ஒரு டியூஷனிலும் சேர்த்தேன். வீடு திரும்ப இரவு ஒன்பதரை ஆகும்.

அந்த வருடம் ஆனியில் என் அம்மா தவறினார். சின்னதிலிருந்தே அவன் அப்பத்தாவோடுதான் படுப்பான். பதினாறு முடிந்ததும் அவர் கட்டிலைக் கழற்றிப் பரணில் போட்டோம். அவனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் உட்பட.

வகுப்பு டீச்சர்தான், "சார், இவன் எழுதாமல் சுவரையே பார்க்கிறான், டாக்டரிடம் காட்டுங்கள்" என்றார். பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனோம். இந்த வயதில் துக்கம் பல பிள்ளைகளுக்குக் கோபமாகத்தான் வெளிவருமாம். மனச்சோர்வு வந்தால் தூக்கமும் கவனமும் கெடும், பிடித்த விஷயத்தில்கூட ஆர்வம் போய்விடும். நான் திமிர் என்று தண்டித்தது அந்த அறிகுறியைத்தான். மனநலச் சிக்கல்களில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள், பாதி 18 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது.

அங்கே எங்களைப் பார்த்த சொந்தக்காரர் ஒருவர் மேலூர் வரைக்கும் சொல்லிவிட்டார்.

சரி, செல்லம் கொடுத்துக் கெடுக்கிறேன் என்பவர்களுக்கு: எல்லாச் சரிவுக்கும் மனம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. கண்பார்வையாக இருக்கலாம், அடிப்படை புரியாமல் விட்டுப்போயிருக்கலாம். நான் டாக்டரும் இல்லை. ஆனால் ஊக்கம் கொடுப்பதற்கு முன்னால், அவனுக்கு என்ன ஆனது என்று கேளுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகத் தயக்கமாக இருந்தால் 14416க்குப் போன் செய்யுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

மட்டையைத் திருப்பிக் கொடுத்தேன், இரண்டாவது டியூஷனை நிறுத்தினேன். மாதக்கணக்கில் ஆலோசனைக்கு அலைந்தோம். இப்போது பத்தாவது. கணக்கில் அறுபதைத் தாண்டுகிறான், பழைய தொண்ணூறு வரவில்லை. அப்பத்தா கட்டிலை இறக்கிப் பூட்டிக் கொடுத்துவிட்டேன். அதில்தான் படுக்கிறான்.