பட்டா இல்லாத நிலம்

அன்புள்ள ஐயா,

2025 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் நிலம் கையகப்படுத்தும் சட்டம் வந்ததிலிருந்து, ‘இனி அதுவும் ஜிம்பாப்வே ஆகிவிடும்’ என்று பலரும் சொல்கிறார்கள். வெள்ளையரின் பண்ணைகளைப் பிடுங்கி விவசாயம் தெரியாதவர்களிடம் கொடுத்ததால்தான் ஜிம்பாப்வே பட்டினியில் விழுந்தது என்கிறார்கள். நிலச் சீர்திருத்தமே தவறா?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

‘விவசாயம் தெரியாதவர்கள்’ என்ற சொல் என்னை வருத்துகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1930-ல் வந்த நிலப் பகிர்வுச் சட்டம், ஜிம்பாப்வேயின் நிலத்தில் பாதியை மிகச் சிறுபான்மையான வெள்ளையருக்கு எழுதிவைத்தது. கறுப்பின மக்களில் பெரும்பாலோர் வளம் குன்றிய, மழை குறைந்த ஒதுக்கிடங்களில் அடைபட்டார்கள். 1980-ல் விடுதலை கிடைத்தபின், அந்தச் சிறு விவசாயிகளுக்கு அரசு கடனும் வீரிய விதையும் கொடுத்தது, ஊருக்குப் பக்கத்திலேயே கொள்முதல் நிலையங்களைத் திறந்தது. சில ஆண்டுகளிலேயே, சந்தைக்கு வந்த மக்காச்சோளத்தில் ஏறக்குறைய பாதி அவர்கள் விளைவித்ததாக இருந்தது. இவர்களையா விவசாயம் தெரியாதவர்கள் என்பது?

2000-க்குப் பிறகு வெள்ளையரின் பண்ணைகளைக் கைப்பற்றியதில் வன்முறை இருந்தது. ஆளும் கட்சிக்கு வேண்டியவர்கள் பெரிய பண்ணைகளை எடுத்துக்கொண்டார்கள். மக்காச்சோள விளைச்சலும் சரிந்தது. சரி, இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் நிலம் பெற்ற சுமார் 1,70,000 குடும்பங்களில் பெரும்பாலானவை சில ஹெக்டேர் மட்டுமே பெற்ற எளிய குடும்பங்கள்.

அவர்கள் கைக்கு வந்தது ஒரு ஒதுக்கீட்டுக் கடிதம். பட்டா கிடையாது. 2005-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, எடுத்த நிலமெல்லாம் அரசுக்கே சொந்தம் என்றாக்கினார்கள். விற்க முடியாத நிலத்தை எந்த வங்கி அடமானமாக எடுக்கும்? கடன் கொடுக்க முன்வந்தவை புகையிலைக் கம்பெனிகள்தான். விதையும் உரமும் முன்னதாகக் கொடுத்துவிட்டு, விளைந்த இலையை விற்கும்போது கழித்துக்கொள்வார்கள். 2008-ல் 5 கோடி கிலோவுக்கும் கீழே போயிருந்த புகையிலை, 2018-ல் 25 கோடி கிலோவைத் தாண்டியது. வெள்ளையர் பண்ணைகளின் உச்சத்தைவிட அது அதிகம். அதில் பெரும்பங்கு சிறு விவசாயிகளின் உழைப்பு என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அந்த இலையைச் சூடேற்றிப் பதப்படுத்த மியோம்போ எனப்படும் அந்நாட்டுக் காடுகள் விறகாகிக்கொண்டிருக்கின்றன. நிலத்தை ஈடாக வைத்துக் கடன் வாங்க முடிந்திருந்தால், எத்தனை பேர் வேறு பயிருக்கு மாறியிருப்பார்களோ!

அப்புறம், பண்ணைத் தொழிலாளர்கள். பலர் தாத்தா காலத்தில் மலாவியிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் வந்து அங்கேயே வேரூன்றியவர்கள். அந்த மண்ணின் குணம் முழுக்கத் தெரிந்தவர்கள். வேலையோடு குடியிருப்பையும் இழந்தவர்கள் அவர்களில் ஏராளம். நிலம் கிடைத்தவர்கள் மிகக் கொஞ்சம். இந்த அநியாயத்தை என்னால் எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியவில்லை.

ஜிம்பாப்வே 2024 இறுதியில்தான் இந்த விவசாயிகளுக்குப் பட்டா கொடுக்கத் தொடங்கியது. தென்னாப்பிரிக்க அரசோ பல ஆண்டுகளாக, தான் விலைக்கு வாங்கும் பண்ணைகளைப் பெரும்பாலும் பயனாளிகளின் பெயருக்கு மாற்றாமல் குத்தகைக்கு விட்டுவருகிறது. நிலத்தை எப்படி எடுப்பது என்றுதான் அங்கே எல்லாரும் சண்டை போடுகிறார்கள். எடுத்த நிலம் யார் பெயரில் பதிவாகப்போகிறது என்று கேளுங்கள் ஆர்., என் கவலையெல்லாம் அதில்தான்.